'ஐயோ' சொல்லக் கூடாத கார்

போன மாதம் எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பொம்மைக் கார் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். ஸ்டியரிங், கிளட்ச், பிரேக் எல்லாம் உண்டு. சக்கரம் மட்டும் கிடையாது. எதிரே பெரிய திரையில் சாலை ஓடும். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். சந்தனமும் கற்கண்டும் கொடுத்து, முதலில் நான்தான் ஓட்ட வேண்டும் என்று உட்கார வைத்தார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, குறுக்கே வந்த எருமை மாட்டின் மேல் மோதினேன். மறுபடி ஓட்டச் சொன்னார்கள். இந்தத் தடவை டீக்கடைக்குள்ளேயே போய்விட்டேன். சுற்றி நின்ற இளம் பயிற்றுநர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை.

"உங்கள யாரு சார் வாத்தியாரா ஆக்குனது?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் டீயும் போண்டாவும் வந்துவிட்டன. முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. ஊர் விழிதியூர். காரைக்காலிலிருந்து கும்பகோணம் போகும் தனியார் பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியதும் இடுப்பு வலி பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க அந்த சீட்டில் உட்கார்ந்தால் கொஞ்ச காலத்தில் நடமாட்டமே போய்விடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். பஸ்ஸை விட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, கடற்கரைச் சாலைக்குப் போகும் வழியில் ஒரு பயிற்சிப் பள்ளியின் வாசலில் 'பயிற்றுநர் தேவை' என்று அட்டை தொங்குவதைப் பார்த்தேன். பஸ் ஓட்டியவனுக்குக் கார் சொல்லிக் கொடுப்பது ஒரு வேலையா என்ற நினைப்போடு உள்ளே நுழைந்தேன்.

உள்ளே ஹபீபா மேடம் இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். இந்தப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர் அவருடைய கணவர். அவர் குவைத்துக்குப் போனதும் இதை மூடிவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, இவர் தானே ஓட்டிப் பழகி, படித்து, அதிகாரிகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிப் பயிற்றுநர் ஆகியிருந்தார். கறுப்புப் புர்கா, காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

என் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, நின்ன வண்டியக் கிளப்புறப்ப முதல்ல எந்தக் காலு என்ன செய்யும்? சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. மேசைக்கு அடியில் என் கால்கள் தாமாக அசைந்தன. அவற்றைக் குனிந்து பார்த்துத்தான் பதில் சொன்னேன். அவரும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க காலுக்கு நல்லாத் தெரியுது. அது உங்க வாய்க்கு வரணும். அதுதாண்ணே இங்க வேலை."

பயிற்றுநர் ஆவதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். சில வருட ஓட்டுநர் அனுபவம் வேண்டும். இரண்டும் என்னிடம் இருந்தன. மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழ்தான் இல்லை. அதற்காக அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். மீசை முளைக்கும் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து என்ஜின் படம் வரைந்தேன். அவர்கள் என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டார்கள். நான் வாங்கித் தந்த வடைக்குக் கைமாறாக என் படங்களுக்கு அம்புக்குறி போட்டுத் தந்தார்கள். எப்படியோ தேறிவிட்டேன். அந்த வயதில் மார்க் ஷீட் வாங்கும் சந்தோஷம் தனி. என் மனைவி அதைப் பூஜை அறையில் வைத்துத் திருநீறு பூசினாள்.

அடுத்தது மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நேர்காணல். சாலைக் குறிகளைக் காட்டிக் கேட்டார், தடுமாறாமல் சொன்னேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எனக்குக் காரே தெரியாதுன்னு வெச்சுக்குங்க. கிளட்ச்னா என்னங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க பாப்போம்."

அவர் மேசையில் டீ டம்ளர்களை மூடியிருந்த இரண்டு சின்னத் தட்டுகள் கண்ணில் பட்டன. கேட்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றை விரல் நுனியில் சுற்றவிட்டேன். "இது என்ஜின் சார், நிக்காம சுத்துது. இது சக்கரத்துப் பக்கம், சும்மா நிக்குது." இரண்டாவது தட்டை மெதுவாக அதன்மேல் பொருத்தினேன். முதலில் உரசி, பிறகு அதுவும் சேர்ந்து சுற்றியது. "மெதுவாச் சேத்தா ரெண்டும் ஒண்ணாப் போவும் சார். பட்டுன்னு சேத்தா..." என்று சேர்த்துக் காட்டினேன். தட்டு பறந்து போய் ஃபைல் அடுக்கில் விழுந்தது. ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "புரிஞ்சிட்டுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பள்ளியின் உரிமத்தில் என் பெயர் ஏறியது. அன்று சாயங்காலம் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போய் ஹபீபா மேடத்திடம் நீட்டினேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ். காயிதத்துல வாத்தியார் ஆயிட்டீங்க. கார்ல எப்ப ஆவுறீங்கன்னு பாப்போம்" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

என் முதல் மாணவர் ஒரு செல்போன் கடைக்காரர். பயிற்சிக் காரில் இடப்பக்கம் உட்காரும் எங்களுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அந்தத் தைரியத்தில் காலையிலேயே அவரைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போனேன். நன்றாகத்தான் ஓட்டினார். கலங்கரை விளக்கம் தெரியும் இடத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது.

"ஐயோ! நாய்! நாய்!" என்று கத்தினேன்.

அந்த மனிதர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்து, மணலுக்குள் இறங்கப் பார்த்த வண்டியை நிறுத்தினேன். நாய் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் வழியில் போயிற்று. மறுநாள் அவர் ஆபீசுக்கு வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மேடம், எனக்கு வண்டியப் பாத்தா பயமில்லீங்க. அவரப் பாத்தாதான் பயமா இருக்கு."

அவர் போன பிறகு மேடம் என்னை நின்றிருந்த காருக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தார்.

"அந்த வார்த்தை நம்ம வண்டில கிடையாதுண்ணே."

"எந்த வார்த்தைங்க?"

அப்போதும் அவர் அதை வாயால் சொல்லவில்லை. தூசி படிந்திருந்த முன்பலகையில் விரலால் 'ஐயோ' என்று எழுதிக் காட்டிவிட்டு உடனே துடைத்தார். "இதக் கேட்டா ஒருத்தரோட காலு எங்க போவும், கை எங்க போவும்னு யாராலயும் சொல்ல முடியாது. 'நிறுத்துங்க'ன்னு சொல்லுங்க. அவங்களுக்கு ஒரு வேலை கிடைச்சிடும்."

மறுநாளிலிருந்து நான் பின்சீட்டுக்குப் போனேன். அவர் சொல்லிக் கொடுப்பார். நான் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதல் வாரம் எனக்குக் கோபம். இரண்டாவது வாரம் ஆச்சரியம். பழக வந்தவர் காரில் ஏறியதும் மேடம் சாவியைக் கொடுக்க மாட்டார். சீட்டை நகர்த்தச் சொல்வார், கண்ணாடிகளைத் திருத்தச் சொல்வார். பிறகு, 'கண்ணாடில என்ன தெரியுது?' என்று கேட்பார். 'ஒரு சைக்கிள், ஒரு அம்மா, ஒரு வேப்பமரம்' என்று அவர்கள் சொல்லச் சொல்ல அவர்கள் தோள் இறங்கும். தோள் இறங்கிய பிறகுதான் சாவி. திரும்ப வேண்டிய இடம் வருவதற்கு வெகு முன்னாலேயே சொல்லிவிடுவார். "திருப்பத்துல வந்து 'திரும்பு'ன்னா அது சேதிண்ணே, பாடம் இல்ல" என்பார். எல்லாவற்றையும்விட எனக்குப் புதிதாக இருந்தது, அவர் சாலையைப் பார்த்ததைவிட ஓட்டுபவரின் கண்ணை அதிகம் பார்த்ததுதான். அதற்கென்றே ஒரு சின்னக் கண்ணாடியைத் தன் பக்கம் ஒட்டி வைத்திருந்தார். ஆள் எங்கே பார்க்கிறார் என்று தெரிந்தால் வண்டி எங்கே போகும் என்று தெரிந்துவிடும். யாரையும் அடுத்தவர் முன்னால் திருத்தவும் மாட்டார்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் மீண்டும் முன்சீட்டில் உட்கார்ந்தபோது என் குரல் பழையபடி ஏறியது. இத்தனை சுலபமான விஷயத்தை எதற்குத் திரும்பத் திரும்பத் தப்பாகச் செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

ஒரு மத்தியானம் மேடம் ஆபீசுக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். கூடத்தில் காலால் மிதிக்கும் தையல் மெஷின் இருந்தது. துணியை வைத்து, "ஒரு தலகாணி உறை தைங்கண்ணே. நேரா ஒரு கோடு, அவ்வளவுதான்" என்றார்.

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். மிதித்தேன். சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்தது. மறுபடி கோத்துக் கொடுத்தார். இந்தத் தடவை சரியாகச் சுற்றியது. ஆனால் காலைக் கவனித்தால் கை நின்றுவிட்டது, கையைக் கவனித்தால் கால் வேகம் பிடித்தது. துணி கோணிக்கொண்டு போயிற்று. அப்போது என் தலைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"காலு! காலு! அண்ணே, காலப் பாருங்க! எங்க பாக்குறீங்க? நேரா! நேரான்னு சொல்றேன்ல! இது கூடவா தெரியாது?"

எனக்குக் கண்ணைக் கட்டியது. இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மேடம் சாந்தமாக நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காரில் நான் சொல்வது. எழுத்து மாறாமல் அப்படியே. முதலில் முகம் சிவந்தது. அப்புறம் செல்போன் கடைக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டது ஞாபகம் வந்து சிரிக்க ஆரம்பித்தேன். அவரும் சேர்ந்துகொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "மெதுவா மிதிங்க. துணியத் தள்ளாதீங்க, அதுவாப் போவும். ஊசியப் பாக்காதீங்க, ஊசிக்கு முன்னாடி பாருங்க" என்றார். கோடு நேராக விழுந்தது. ஒரு வாரத்தில் அந்தத் தலையணை உறையை முடித்தேன். அந்த வாரத்தோடு என் குரலும் இறங்கியது.

அதன் பிறகுதான் எனக்கு அந்தக் கடினமான மாணவர் வந்து சேர்ந்தார்.

சவரிமுத்து ஐயா பிரெஞ்சு ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். அவரும் மனைவி பிலோமினாம்மாவும் பிரான்சில் முப்பது வருடம் இருந்துவிட்டு, காரைக்காலிலேயே கடைசிக் காலம் என்று திரும்பி வந்து வீடு கட்டி, புதுக் கார் வாங்கியிருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், அங்கே எல்லோரும் சாலையின் வலப்பக்கம் போகிறவர்கள். இங்கே வந்து ஒருநாள் திருமலைராயன்பட்டினம் போகும்போது ஐயா எதையோ பேசிக்கொண்டே வலப்பக்கம் ஏறி, ஒரு பஸ்ஸுக்கு நேருக்கு நேராகப் போய் நின்றிருக்கிறார். வாத்தியார் ஒருவர் சரி என்று சொல்லும்வரை அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். புதுக் கார் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கொட்டகையில் நின்றது. மாதா மாதம் வேளாங்கண்ணிக்குப் போவதும் நின்றுபோயிற்று.

மேடம் அவர்களை என்னிடம் அனுப்பினார். "இவங்கள நீங்களே பாருங்கண்ணே. முழுசா உங்க பொறுப்பு. உங்க வார்த்தைய வெச்சுத்தான் அந்த அம்மா வண்டில ஏறுவாங்க." அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என்னைத்தான் சோதிக்கிறார்.

ஐயா அழகாக ஓட்டினார். கிளட்சை விடுவதில் ஒரு அதிர்வு இருக்காது. ஆனால் கியர் மாற்ற அவருடைய வலதுகை தானாகப் போய்க் கதவில் இடித்துக்கொள்ளும். திரும்பும் முன் கைகாட்டி விளக்குப் போடுவதாக நினைத்து இடப்பக்கக் குச்சியைத் தட்டுவார். உச்சி வெயிலில் வைப்பர் ஆட ஆரம்பிக்கும். கடைத்தெருவில் எங்கள் வண்டியைப் பார்த்தாலே, "மழை வருதுடோய்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவரும் கையசைத்துச் சிரிப்பார். நெரிசலில் ஒரு தப்பும் வராது. முன்னால் போகிற வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். சாலை காலியானால்தான் ஆபத்து. ஆளில்லாத இடத்தில் வண்டி மெல்ல மெல்ல வலப்பக்கம் ஒதுங்கும்.

பிலோமினாம்மா எல்லா வகுப்புக்கும் வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வார். வண்டி ஒதுங்கியதும், "கோஷ்! கோஷ்!" என்பார். முதல் நாள் அவருக்கு ஏதோ வேண்டும் போல என்று வண்டியை நிறுத்தச் சொன்னேன். பிரெஞ்சில் கோஷ் என்றால் இடது என்று அப்புறம்தான் தெரிந்தது. பின்னாளில் நானே கோஷ், கோஷ் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். முன்கண்ணாடியில் இடப்பக்கம் காட்டும் பச்சை அம்புக்குறி ஒட்டினேன். வண்டியை எடுக்கும் முன் கண்ணை மூடிப் பாதையைச் சொல்லச் சொன்னேன். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தைத் தவிர்த்து எல்லாச் சாலையிலும் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்சம் தேறுவார், நான் நிம்மதியாகும் நேரத்தில் மறுபடி ஒதுங்குவார்.

ஒருநாள் போலகம் பக்கம் போனோம். இருபுறமும் நடவு முடிந்த வயல். சாலையில் ஒரு ஈ, காக்கை இல்லை. பிரதான சாலையிலிருந்து வலப்பக்கம் திரும்பினார். திரும்பியவர் வலது ஓரத்தையே பிடித்துவிட்டார். வளைவில் எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். "நிறுத்துங்க" என்றேன், சொல்லிக்கொண்டே என் பக்கத்துப் பிரேக்கையும் மிதித்தேன். இரண்டு வண்டியும் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றன. டிராக்டர்காரர் எங்கள் காரின் தலைமேல் இருந்த பலகையைப் படித்துவிட்டு, "சொல்லிக் குடுக்குற வண்டியே இப்படி வந்தா நாங்க எங்கங்க போறது?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிப் போனார்.

ஐயா என்ஜினை அணைத்தார். சாவியை எடுத்து முன்பலகையில் வைத்தார். "என்னால முடியல தம்பி. கை நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லி இறங்கிப் போய் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டார். டிராக்டரில் ஆள் இருந்தார். எங்கள் காரில் மூன்று பேர். என் வேலையும் இதோடு போயிற்று என்று நினைத்தேன்.

பிலோமினாம்மா பின்கதவைத் திறந்து இறங்கினார். கணவரிடம் போவார் என்று பார்த்தால், முன்னால் வந்து வலப்பக்கக் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் உக்காந்தாதான் தம்பி எனக்கு மனசு ஒரு நிலைக்கு வருது" என்றார். "அங்க ஸ்டியரிங்கு அந்தப் பக்கந்தானே? அவரு அங்க, நான் இங்க. முப்பது வருசமா இந்த எடத்துலதான் உக்காந்திருக்கேன்."

சொல்லிக்கொண்டே எதிரே பார்த்தார். அப்போதுதான் ஸ்டியரிங்கைக் கவனித்தவர்போல அதை ஒரு விரலால் தொட்டார்.

"இது ஒண்ணுதான் புதுசு."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் அவர் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தார். "கிளம்புறதுக்கு முன்ன உள்கண்ணாடி, அப்புறம் வலது கண்ணாடி, அப்புறம் தலையத் திருப்பி ஒரு பார்வை. வலப்பக்கம் திரும்பணும்னா ரோட்டு நடுவத் தாண்டிப் போயி அந்த ரோட்டோட இடது ஓரத்தப் புடிக்கணும். இதானே நீங்க அவருக்குச் சொன்னது? எனக்கு எல்லாம் மனப்பாடம். அவரு தெரிஞ்சத மறக்கணும் தம்பி. எனக்கு மறக்கறதுக்கு என்ன இருக்கு?"

பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். இல்லாமல் அவரை ஓட்டவிட முடியாது. நானே ஓட்டித் திரும்பக் கூட்டிவந்தேன். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் மேடத்திடம் சொன்னேன். ஐயா விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன் என்றும், அம்மாவுக்குப் பெண் பயிற்றுநர் என்றால் வசதியாக இருக்கும், நீங்களே சொல்லிக் கொடுங்கள் என்றும் சொன்னேன். மேடம் பிலோமினாம்மாவைப் பார்த்தார்.

"வேணாங்க," என்றார் அம்மா. "இத்தன நாளா இந்தத் தம்பி சொன்னதத்தான் கேட்டேன். மிச்சத்தையும் இவரே சொல்லட்டும்."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சிரிப்பு இருந்தது.

அம்மா எல்.எல்.ஆருக்காக ஆபீசுக்குள் இருந்தபோது ஐயா வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அங்க போன புதுசுல இவ கேட்டா தம்பி, நானும் வண்டி ஓட்டக் கத்துக்கட்டுமான்னு. நான் இருக்கறப்ப உனக்கு எதுக்குன்னுட்டேன். அப்புறம் கேக்கவே இல்ல" என்றார். பிறகு எழுந்து நின்று, "நல்லாச் சொல்லிக் குடுங்க" என்றார்.

அந்த இரண்டு மாதம் நான் அனுபவித்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அம்மா குள்ளம், ஒரு திண்டு போட்டால்தான் சாலை தெரியும். வண்டி அணைந்துபோனால் பதறமாட்டார், சிரிப்பார். "தூங்கிட்டான் பயல்" என்று சொல்லி மறுபடி எழுப்புவார். மாட்டைக் கண்டால் மட்டும் பயம். மாடு கடந்து போய் மறையும்வரை வண்டியை எடுக்கவே மாட்டார். பின்னால் ஹார்ன் அடிப்பவர்களைப் பற்றிக் கவலையே கிடையாது. ஐயாவுக்குத்தான் கஷ்டம். இப்போது பின்சீட்டில் அவர். வண்டியில் சொல்லக் கூடாத வார்த்தையை முதல் நாளே அவருக்குச் சொல்லி வைத்தேன். லாரி ஏதாவது எதிரே வந்தால் கைக்குட்டையை எடுத்து வாயில் அழுத்திக்கொள்வார். வகுப்பு முடிந்து இறங்கும்போது அந்தக் கைக்குட்டை கசங்கிக் கிடக்கும். ஆனால் ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. பட்டாளத்து மனிதர்.

தேர்வு நாளன்று, எனக்குக் கையெழுத்துப் போட்ட அதே ஆய்வாளர் வந்திருந்தார். எங்கள் ஊர் வெறும் சமதரை. மேடு என்றால் ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் சரிவுதான். அந்தச் சரிவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் உருளாமல் எடுக்கச் சொன்னார். நானும் ஐயாவும் மேடமும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கார் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. ஐயா கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனார். அப்போதுதான் பார்த்தேன், ஒரு பசுமாடு கன்றோடு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது. அது போய்ச் சேர்ந்த பிறகு கார் ஒரு இம்மிகூடப் பின்னால் வராமல், நூல் பிடித்த மாதிரி மேலே ஏறிப்போயிற்று.

ஐயா கைதட்டினார். பாலத்தில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ப்ராவோ!" என்று கத்தினார். கன்றுக்குட்டி மிரண்டு ஓடியது.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் முதல் பயணம் வேளாங்கண்ணிக்குத்தான் என்று அம்மா முடிவு செய்தார். நானும் மேடமும் கட்டாயம் வர வேண்டும் என்றார். திரும்பும்போது மேடத்துக்காக நாகூரில் நிறுத்துவதாகவும் சொல்லிவிட்டார். தார்ப்பாய் நீக்கிய புதுக் கார்; கழுவிப் பூ சுற்றியிருந்தார்கள். அம்மா ஓட்டினார். ஐயா பக்கத்தில். நானும் மேடமும் பின்னால்.

அது அவர்கள் சொந்தக் கார். என் காலுக்கடியில் பிரேக் கிடையாது. வாஞ்சூர் வரைக்கும் நான் ஒவ்வொரு வளைவிலும் தரையை மிதித்துக்கொண்டே வந்தேன். மேடம் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாகூர் நெரிசலில் ஒரு ஆட்டோ குறுக்கே நுழைந்தது. அம்மா அதற்கு வழிவிட்டு, அது போன பிறகு அமைதியாக எடுத்தார். ஐயா ஏதோ பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். நாகப்பட்டினம் தாண்டியதும் கடல்காற்று ஜன்னல் வழியாக வந்தது.

வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: இன்னொருவர் ஓட்டும் வண்டியில் எங்களுக்குத் தூக்கம் வராது. சொந்தத் தம்பி ஓட்டினாலும் கண் சாலையிலேயே இருக்கும். பஸ் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து அன்றுவரை நான் அப்படி ஒரு வண்டியில் கண்ணயர்ந்ததே இல்லை.

விழித்துப் பார்த்தபோது காரில் யாரும் இல்லை. வேப்பமர நிழலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் மாதா கோயில் மணி அடித்தது. காற்று வருவதற்காக நான்கு ஜன்னலையும் பாதி இறக்கி வைத்துவிட்டு ஐயாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சற்றுத் தள்ளி, ஒரு கல்லில் உட்கார்ந்து மேடம் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று அவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பழக்கத்தில் முன்னால் எட்டிப் பார்த்தேன். கைப்பிரேக் போட்டிருந்தது. வண்டி கியரில் நின்றது. இரண்டு பெரிய பஸ்களுக்கு நடுவே, இருபக்கமும் கதவு திறக்க இடம் விட்டு, சக்கரம் நேராக இருக்கும்படி அம்மா நிறுத்தியிருந்தார்.

சரி பார்க்க வேறொன்றும் இல்லை. மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.